ஒப்பீட்டுத் துண்டில் இறங்கிய ரம்பம்: ஆய்வுக்காட்டு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட பொதுக் காட்டை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் அதன் ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

உங்கள் பொறுப்பில் இருக்கும் ஆய்வுக்காட்டின் மூன்றாம் துண்டில், அதாவது ஒப்பீட்டுக்காக எதையும் தொடாமல் விட்டுவைத்த நிலப்பகுதியில், 9 மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. அவற்றில் 7 மரங்கள் நின்றபடியே பட்டுப்போனவை. மற்ற இரண்டும் உயிரோடு இருந்தவை. பட்ட மரங்களையும் விழுந்த மரங்களையும் அப்புறப்படுத்திவிட்டு, பயன்படாமல் கிடக்கும் திறந்த இடங்களில் கன்றுகளை நட வேண்டும் என்று நீங்கள் பிறப்பித்த உத்தரவின்படியே இது நடந்திருக்கிறது. அந்த உத்தரவு இன்றும் நடப்பில் இருக்கிறது. அடுத்ததாக நான்காம், ஐந்தாம் துண்டுகளில் வேலை தொடங்கும் என்று வெட்டுக் கூலிக்கு வந்தவர்களே எங்களிடம் சொன்னார்கள். எழுத்து மூலம் இருமுறை முறையிட்டும் பதில் வராத நிலையில், அந்த வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் கவனத்தை எட்ட வேண்டும் என்பதற்காக இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் 22 ஆண்டுகளாக அந்தக் காட்டில் மரங்களை அளந்துவருகிறேன். முதல் ஆண்டில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு அளவையும் முந்தைய அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, பதிவேட்டில் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. ஆகவே கீழே எழுதுபவற்றில் எங்கள் காட்டைப் பற்றிய எதுவும் கேள்விப்பட்டு எழுதியது கிடையாது.

வெட்டு நடந்ததை யாரும் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. உதிரும் சருகைச் சேர்க்க மரங்களின் கீழ் வைத்த கூடைகளை மாதந்தோறும் காலி செய்து எடைபோடப் போவது வழக்கம். அப்படிப் போன நாளில், வடகிழக்கு மூலைக்கல்லைத் தாண்டியதுமே தரையில் வெயில் விழுந்துகிடந்தது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் வெயில் விழாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 612-ஆம் எண் மரம் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை மட்டும் இருந்தது. சுற்றிலும் மரத்தூள் ஈரத்தோடு அப்பிக் கிடந்தது. கையால் கிளறிப் பார்த்தபோது அதற்குள் தகடு அகப்பட்டது. கட்டைவிரல் அகலமுள்ள அலுமினியத் தகடு. தண்டைத் துண்டுபோட்டபோது ரம்பத்தின் பல் பட்டு ஓரம் மடங்கியிருந்தது, எண் மட்டும் அழியாமல் இருந்தது. அந்தத் தகட்டை அந்த மரத்தில் அடித்தவன் நான்தான். மரம் பருக்கப் பருக்கப் பட்டை தகட்டை விழுங்கிவிடாமல் இருப்பதற்காக, ஒவ்வொரு கணக்கெடுப்பின்போதும் ஆணியைச் சற்றே வெளியே இழுத்துவிட்டவனும் நான்தான்.

அந்த மரத்தின் வரலாறு பதிவேட்டில் இப்படி இருக்கிறது. முதல் அளவெடுப்பில் அதன் சுற்றளவு 94 செ.மீ. பதினேழாம் ஆண்டில், தொடர்ந்து இரண்டாவது முறையாக மழை பொய்த்தபோது, 131 செ.மீ. சுற்றளவோடு அது பட்டுப்போனது. அதற்குப் பின் 5 ஆண்டுகள் அது விழாமல் நின்றது. பட்டை எந்த ஆண்டு கழன்றது, மேற்கிளை எந்த மழையில் ஒடிந்தது, மரங்கொத்தி துளைத்த பொந்தில் எப்போது கிளிகள் குடியேறின என்பதெல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. அது எப்போது விழும், விழுந்தபின் எத்தனை ஆண்டுகளில் மட்கும், அது நின்ற இடத்தில் எந்தக் கன்று தலையெடுக்கும் என்பவை நாங்கள் காத்திருந்து எழுதவேண்டிய வரிகள். அந்த வரிகளை இனி யாராலும் எழுத முடியாது. உங்கள் உத்தரவோ 'மதிப்பிழந்த மரங்கள்' என்று அவற்றை ஒரே சொல்லில் வகைப்படுத்துகிறது.

இந்தத் துண்டுகள் எதற்காக ஒதுக்கப்பட்டன என்பதை நான் இங்கே விளக்க வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது. உத்தரவைப் படித்தபின் அது தேவை என்று தோன்றுகிறது. எங்கள் காட்டில் ஐந்து ஆய்வுத் துண்டுகள் உள்ளன. முதல் இரண்டில், அயலிலிருந்து வந்து பரவிய புதர்ச்செடிகளை ஆண்டுதோறும் வேரோடு அகற்றுகிறோம். மூன்று, நான்கு, ஐந்தாம் துண்டுகளில் எதையும் தொடுவதில்லை. புதர்களை அகற்றினால் காட்டின் இயல்பான மரங்கள் மீண்டும் முளைத்து வளர்கின்றனவா என்பதே கேள்வி. அகற்றிய இடத்தில் கன்றுகள் கூடினால் மட்டும் அதற்கு விடை கிடைத்துவிடாது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எல்லா இடங்களிலும் கன்றுகள் கூடும். கைவைக்காத இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான், கைவைத்த இடத்தில் நடந்ததற்கு நம் உழைப்பு காரணமா, மழை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியும். எனவே மூன்றாம் துண்டில் ரம்பம் இறங்கியபோது, அந்தத் துண்டின் எதிர்காலக் கணக்கோடு சேர்ந்து, முதல் இரண்டு துண்டுகளில் 22 ஆண்டுகளாகக் குனிந்து வேர் பறித்தவர்களின் உழைப்புக்கான விடையும் பாழாகிறது. ஒப்பிடுவதற்கு எதிர்ப்பக்கம் இல்லாத எண்களை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. இன்று வெட்டுவது கடந்துபோன ஆண்டுகளையும் சேர்த்து அழிக்கிறது என்பதை நீங்கள் உணரவேண்டும் என்றே இந்த மடல் முழுவதையும் எழுதுகிறேன்.

'சும்மா கிடக்கும் இடம்' என்று உங்களுக்குத் தோன்றும் நிலம் உலகுக்கு என்ன கொடுத்திருக்கிறது என்பதற்குப் பதிவான சான்றுகள் பல உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காடு 1955-இல் ஒதுக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் அடியிலும் ஓடையின் குறுக்கே சிறு தடுப்பைக் கட்டி, உள்ளே வரும் மழையையும் வெளியே போகும் நீரையும் கணக்கிட்டார்கள். 1960-களின் நடுவில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் எல்லா மரங்களையும் வெட்டிச் சாய்த்து, மறுபடி எதுவும் முளைக்காமல் மூன்றாண்டுகள் தடுத்தபோது, ஓடையில் மண்ணின் சத்தான நைட்ரேட் பல மடங்கு உயர்ந்தது. காடு மண்ணின் சத்தை எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்பதைச் சொன்ன பெரிய சோதனை அது. அருகிலேயே வெட்டாமல் விட்டுவைத்த இன்னொரு நீர்ப்பிடிப்புப் பகுதி, வெறும் 13 ஹெக்டேர் அளவுள்ளது, இருந்ததால்தான் அந்த முடிவை உறுதியோடு சொல்ல முடிந்தது.

அதே காட்டில் 1963 முதல் மழைநீரைச் சேகரித்துச் சோதித்தவர்கள், தொழிற்சாலைகளுக்கு வெகு தொலைவில் பெய்த அந்த மழை இயல்புக்கு மீறி அமிலமாக இருப்பதைக் கண்டார்கள். வட அமெரிக்காவில் அமில மழை குறித்த விவாதம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1990-இல் அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபின் மழையின் அமிலத்தன்மை குறைந்துவந்ததைக் காட்டியதும் அதே காட்டின் தொடர்ந்த பதிவுதான். 1963-இல் சேகரிக்கத் தொடங்கியவர்கள் அமில மழையைத் தேடிப் போகவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எந்தக் கேள்விக்கு அந்த நிலம் விடை சொல்லும் என்பது நிலத்தை ஒதுக்கியவர்களுக்கு 1955-இல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'இந்தத் துண்டால் இன்றுவரை என்ன பயன்?' என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருமுறை எங்களிடம் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வியை 1962-இல் அங்கே கேட்டிருந்தால், அவர்களிடமும் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இருந்திருக்காது.

பட்ட மரம், விழுந்த மரம் என்பவை குப்பை என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், ஓடைகளில் விழுந்துகிடக்கும் மரங்கள் மீன்களின் போக்குவரத்தைத் தடுக்கின்றன என்று நம்பி, பல ஆண்டுகள் அரசு செலவிலேயே அவற்றை அகற்றினார்கள். விழுந்த மரங்கள்தாம் ஓடையில் மடுக்களை உண்டாக்குகின்றன, சரளையைத் தேக்குகின்றன, மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் தருகின்றன என்று பின்னால் தெரியவந்தபோது, அகற்றிய கைகளே மரங்களைக் கொண்டுபோய் ஓடைகளில் போட வேண்டியதாயிற்று. அந்த அறிவைத் தந்த இடங்களில் முக்கியமானது ஓரிகான் மாநிலத்தில் 1948-இல் ஒதுக்கப்பட்ட ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு. அங்கேதான் மார்க் ஹார்மன் என்ற ஆய்வாளர் 1985-இல் 500-க்கும் மேற்பட்ட மரத்தண்டுகளைக் காட்டுத் தரையில் கிடத்தி, அவை எப்படி மட்குகின்றன என்பதை 200 ஆண்டுகள் கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார். தொடங்கியவர் தம் வாழ்நாளில் முடிவைப் பார்க்க இயலாத ஓர் ஆய்வுக்கு, ஒரு பொது நிர்வாகம் இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் காட்டில் நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது.

உங்கள் உத்தரவு இரண்டு காரணங்களைச் சொல்கிறது: தீ அபாயம், பாதையில் போவோரின் பாதுகாப்பு. இரண்டையும் நான் தள்ளிவிடவில்லை. தரையோடு ஓடும் தீயைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். மரக்கிளை ஒடித்து அதை அடித்தும் இருக்கிறேன். அது காய்ந்த புல்லையும் சருகையும் சுள்ளியையும் பற்றிக்கொண்டு ஓடும். பருத்த தண்டு எளிதில் பற்றாது. பற்றினால் நெடுநேரம் கனலும் என்பதும் உண்மைதான். ஆகவே தீத்தடுப்புக் கோட்டை ஒட்டிக் கிடக்கும் தண்டுகளை உள்ளே தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது. கோட்டிலிருந்து வெகு தூரம் உள்ளே நின்ற 612-ஆம் மரத்தை வெட்டியதில் அந்த நியாயம் இல்லை. மேலும், பருத்த தண்டுகளை ஏற்றிச் சென்றவர்கள் சுள்ளிகளையும் இலைக் குப்பையையும் துண்டுக்குள்ளேயே விட்டுப்போயிருக்கிறார்கள்; எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அங்கே முன்பைவிட இப்போதுதான் அதிகமாகக் கிடக்கிறது. தீயைக் காரணம் காட்டிய ஒரு வேலை இப்படி முடிந்திருப்பதை நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். பாதையோரத்தில் சாயும் நிலையில் உள்ள மரங்களைப் பொறுத்தவரை எங்களுக்கு மறுப்பே இல்லை. எங்களிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள். வெட்டியதை அங்கேயே கிடக்க விடுங்கள். விழுந்த நாளைக் குறித்துக்கொண்டு நாங்கள் அளவெடுப்பைத் தொடர்வோம்.

கன்று நடும் திட்டம் மரவெட்டைவிடக் கெடுதலானது என்றே நான் கருதுகிறேன். வெட்டியதன் அடிக்கட்டையாவது மிஞ்சுகிறது. என்ன நடந்தது என்று பின்னால் வருபவருக்கு அது சொல்லும். நட்ட கன்று பத்தாண்டு கழித்துத் தானாக முளைத்த மரம்போல நிற்கும், கணக்கில் கலந்துவிடும். நீங்கள் 'வெற்றிடம்' என்று குறித்திருக்கும் இடங்கள் பெரிய மரம் சாய்ந்ததால் வானம் திறந்துகொண்ட இடங்கள். காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது அந்த இடங்களில்தான். அங்கே ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, முளைத்த ஒவ்வொரு நாற்றையும் எண்ணி, அடுத்த மழைக்குப் பின் எத்தனை பிழைத்தன என்று மண்டியிட்டுப் பார்த்து எழுதுகிறோம். குழி தோண்டுவதற்குச் சுண்ணாம்பால் அடையாளமிட்டிருக்கும் 60 புள்ளிகளில் 14 எங்கள் கயிற்றுச் சதுரங்களுக்குள் விழுகின்றன. சுண்ணாம்பு போட்டவருக்குக் கயிறு கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. கயிறு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் முறையீட்டுக்கு எழுத்தில் பதில் வரவில்லை என்றாலும், உங்கள் அலுவலர் ஒருவர் வாய்மொழியாக ஒரு தீர்வைச் சொன்னார்: இதே பரப்பளவில் வேறு இடம் ஒதுக்கித் தருகிறோம், அங்கே ஆய்வைத் தொடருங்கள் என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் பரப்பளவைத் திருப்பித் தருவதால் ஆண்டுகள் திரும்ப வந்துவிடாது. முதிர்ந்த வெப்பமண்டலக் காட்டில் ஓர் ஆண்டில் சாகும் மரங்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. எந்த இனம் வறட்சியில் சாகிறது, எது தாங்குகிறது என்று சொல்வதற்குப் போதிய சாவுகளைக் காணவே பத்து, இருபது ஆண்டுகள் ஆகிவிடும். வறட்சியும் நாம் அழைக்கும்போது வருவதில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் துண்டொன்றை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட தண்டுகள் அனைத்தையும், இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவற்றை, 1980-களின் தொடக்கத்தில் எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோதே, பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சி 1982-83-இல் வந்தது. அதில் மரச்சாவு கூடியதை அடுத்த கணக்கெடுப்பு காட்டியது. முன்கணக்கு கையில் இல்லாதிருந்தால் அந்த வறட்சி எந்தத் தடயமும் விடாமல் கடந்துபோயிருக்கும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1988-இல் அமைத்த 50 ஹெக்டேர் துண்டும் இத்தகையதே. தரைத்தீ, யானைகளின் மேய்ச்சல், வறட்சி ஆகியவற்றால் வறண்ட காட்டில் எந்த மரங்கள் குறைகின்றன, எவை மீள்கின்றன என்பதை அங்கே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்ததால்தான் இன்று நம்மால் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. எங்கள் மூன்றாம் துண்டு இரண்டு பெரிய வறட்சிகளைக் கண்டுவிட்டது. நீங்கள் தருவதாகச் சொல்லும் புதிய நிலம் ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதை நான் விசாரித்துப் பார்த்தேன். உத்தரவு தயாரானபோது மேசையில் இருந்த வரைபடத்தில் ஆய்வுக்காட்டின் வெளி எல்லை மட்டுமே இருந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஐந்து துண்டுகளும் அதில் குறிக்கப்படவில்லை. அவற்றைக் குறித்த பழைய வரைபடம் அலுவலகம் இடம் மாறியபோது எங்கோ தங்கிவிட்டது. இந்த 22 ஆண்டுகளில் காட்டின் பொறுப்பு அதிகாரிகள் 11 பேர் மாறியிருக்கிறார்கள். தொடக்கத்தில் இருந்த இருவர் எங்களோடு துண்டுக்குள் வந்து மூலைக்கற்களைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மாறிப்போகும்போது அடுத்து வருபவரிடம் எங்களை அறிமுகப்படுத்திவிட்டும் போனார்கள். அந்த வழக்கம் நின்றபின், துண்டுகளைப் பற்றிய அறிவு எங்கள் கூடாரத்துக்குள் மட்டுமே தங்கிவிட்டது. இதில் உங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு எங்களுக்கும் உண்டு.

ஆய்வு செய்வோர் தரப்பின் குறைகளை மறைத்துவிட்டு உங்களிடம் மட்டும் கணக்குக் கேட்பது முறையாகாது. ஆய்வு முடிந்து போனவர்கள் மரங்களில் விட்டுச்சென்ற இரும்புக் கம்பிகள் பட்டையை இறுக்கிக்கொண்டிருப்பதை நானே அறுத்து எடுத்திருக்கிறேன். முடிவுகளை வெளியூர் இதழ்களில் அச்சிட்டுவிட்டு, நிலத்தைத் தந்த நிர்வாகத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம்கூடக் கொடுக்காமல் போனவர்கள் உண்டு. ஆய்வு என்ற சொல்லுக்காக அனுமதி கொடுப்பதும் ஆபத்தாக முடியலாம். 1964-இல் நெவாடாவின் பொதுக் காட்டு நிலத்தில், முறையான அனுமதி பெற்ற ஓர் ஆய்வாளருக்காக ஒரு முதிய பிரிஸ்டில்கோன் பைன் மரம் வெட்டப்பட்டது. எண்ணிப் பார்த்தபோது 4,800-க்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்கள் இருந்தன. அதுவரை வயது அறியப்பட்டிருந்த எந்தத் தனி மரத்தையும்விட மூத்த மரம் அது. ஆகவே கட்டுப்பாடு இரு தரப்புக்கும் வேண்டும் என்றே நான் கேட்கிறேன்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. காட்டோரத்தில் வாழ்பவர்களிடம், ஆய்வுத் துண்டுகளுக்குள் விறகு பொறுக்க வேண்டாம் என்று 22 ஆண்டுகளுக்கு முன் போய்க் கேட்டவர்களில் நானும் ஒருவன். காரணத்தை விளக்கினோம், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுற்றியுள்ள காட்டில் சுள்ளி கிடைக்காத ஆண்டுகளிலும், மூலைக்கல்லைத் தாண்டி ஒரு கட்டையைக்கூட எடுக்காமல் அவர்கள் சொல் காத்தார்கள். வெட்டிய தண்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போனது. மறுநாள் ஒரு மூதாட்டி என்னிடம், "நாங்க தொட்டா மட்டும்தான் உங்க கணக்கு கெட்டுப்போகுமாய்யா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் தர வேண்டும். பூட்டும் வேலியும் இல்லாமல் அந்தத் துண்டுகளை இத்தனை ஆண்டுகள் காத்தது அவர்களுடைய சம்மதம். அதை இழந்தால் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் அதற்கு ஈடாகாது.

எனவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன்.

முதலாவதாக, மூன்று, நான்கு, ஐந்தாம் துண்டுகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டர் அகலத்துக்கும் மரவெட்டு, அகற்றல், நடவு ஆகிய அனைத்தையும் நிறுத்திவைத்து, இந்த வாரமே எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். அந்தச் சுற்றுப்பட்டையைக் கேட்பதற்குக் காரணம், விளிம்பில் வெட்டினால் வெயிலும் காற்றும் துண்டின் உள்ளே வெகு தூரம் புகுந்துவிடும் என்பதே. சுண்ணாம்புக் குறியிட்ட இடங்களில் குழி தோண்டக் கூடாது. வெட்டப்பட்டு இன்னும் ஏற்றிச் செல்லப்படாமல் கிடக்கும் 4 தண்டுகளை அங்கேயே விட்டுவிட வேண்டும். அவை எந்தெந்த எண் மரங்களுடையவை என்று எங்களுக்குத் தெரியும். வெட்டப்பட்ட நாளையே விழுந்த நாளாக எழுதிக்கொண்டு, கெட்டுப்போன கணக்கில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவோம். வெட்டு நடந்த தேதிகள், பயன்படுத்திய பாதை, ஏற்றிச் சென்ற தண்டுகளின் அளவுகள் ஆகியவற்றின் நகலையும் எங்களுக்குத் தர வேண்டும். மூன்றாம் துண்டை இனி ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா, எந்த வரையறையோடு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய அந்த விவரங்கள் இன்றியமையாதவை.

இரண்டாவதாக, ஐந்து துண்டுகளின் எல்லைகளையும் புவியியல் ஆயத்தொலைவுகளோடு உங்கள் செயல்திட்ட வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும், அது எதற்காக ஒதுக்கப்பட்டது, அதில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் பொறுப்பு மாற்றத்தின்போது கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டிய கோப்புகளில் ஒன்றாக்க வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரி முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறை எங்களோடு துண்டுகளைச் சுற்றிவர வேண்டும். இதற்கு அரை நாள் போதும்.

மூன்றாவதாக, தீ, புயல், பாதைப் பாதுகாப்பு போன்ற அவசரங்களைத் தவிர, ஒப்பீட்டுத் துண்டுகளில் எந்த வேலையும் ஆலோசனைக் குழுவின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. அவசர வேலை நடந்தால் 7 நாட்களுக்குள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவில் களத்தில் அளவெடுப்போர் ஒருவருக்கும், காட்டோரத்தில் வாழ்வோர் இருவருக்கும் இடம் தர வேண்டும். குழுவின் முடிவுகளைக் காரணங்களோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நிலம் பொதுச்சொத்து என்பதால் இந்தக் கோரிக்கைக்கு வேறு நியாயம் தேவையில்லை.

நான்காவதாக, எங்கள் மீது நீங்கள் நிபந்தனைகளை விதிக்க வேண்டும். அனுமதி பெறும் ஒவ்வொரு ஆய்வாளரும் தம் பதிவுகளின் நகலை ஆண்டுதோறும் உங்கள் அலுவலகத்தில் வைக்கவும், முடிவுகளை உள்ளூர் மக்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவும், ஆய்வு முடிந்தால் கம்பி, ஆணி, கூடை அனைத்தையும் எடுத்துக்கொண்டு போகவும் கட்டாயப்படுத்துங்கள். மரத்தை வெட்டியோ துளைத்தோ செய்ய வேண்டிய எந்த ஆய்வையும் ஒப்பீட்டுத் துண்டுகளுக்குள் அனுமதிக்காதீர்கள். எங்களுடைய 22 ஆண்டுப் பதிவேடுகளின் நகலை, நீங்கள் நாள் குறித்தால் அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

ஐந்தாவதாக, காட்டோரத்து மக்களைக் கூட்டி, நடந்தது நிர்வாகத்தின் தவறு என்பதை உங்களில் ஒருவர் நேரில் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நானும் வருவேன்; எங்கள் பக்கத்துக் குறைகளை நானே சொல்வேன்.

அடுத்த கணக்கெடுப்பு மழை நின்றதும் தொடங்குகிறது. அதற்கான பதிவுத்தாள்களை இன்னும் 30 நாட்களில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் துண்டுகளின் மரங்களை அவற்றில் சேர்ப்பதா, வேண்டாமா என்பது உங்கள் ஆணையைப் பொறுத்தது. அந்த நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். 612-ஆம் எண் தகடு என்னிடம் இருக்கிறது; நேரில் அழைத்தால் பதிவேட்டோடு அதையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுத் துண்டுகளில் அளவெடுப்பவர்களில் ஒருவன்